அண்ணன் காதில் இருந்த நீலம்

என் சவரி அண்ணனுக்கு,

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. நீ உயிரோடு இருந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் உன் காதைப் பற்றி யாரும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். இப்போது நான் யோசிக்கிறேன். சிரித்துக்கொள், ஆனால் முழுவதும் கேள்.

அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் பஸ்ஸில் நீ கண்டக்டராக இருந்தாய். காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். காது மடலின் உட்புறம் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு நிறம் ஓடும். பென்சில் கரி என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். மலைக்காரப் பெண்கள்கூட "கண்டக்டரண்ணா, காதைக் கழுவுங்க" என்று கேலி செய்வார்கள் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். பென்சில் வலது காதில்தான் இருக்கும். இடது காது ஏன் கறுத்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் யார்? பரம்பரையாக வரும் அபூர்வ நோய்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே பெங்களூருவில் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற டாக்டர். எங்கிருந்தோ வருகிற குழந்தையின் கண்ணைப் பார்த்து, விரலைப் பார்த்து, அது இன்ன நோய் என்று சொல்கிறவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

உன் மகள் ஜெனியை நம் லூர்து அக்காவின் கடைசி மகன் ஆல்பர்ட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு வந்தபோது நீ பொம்மிடி வீட்டுக்கு என்னை வரச் சொன்னாய். நினைவிருக்கிறதா? "ஏம்மா தெரேசு, சொந்தத்துல கட்டுனா வர்ற நோயத்தான நீ படிச்சிருக்க. நம்ம வூட்டுல ஏதாச்சும் இருக்குதா, சொல்லிப்புடு. இருந்தா இன்னிக்கே நிறுத்திப்புடலாம்" என்றாய்.

கிழித்த காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் மூன்று தலைமுறைக்கு வம்சப்படம் போட்டேன். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அதையும் குறித்தேன். சின்ன வயதில் இறந்தவர்கள், காது கேட்காதவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் சொன்னாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தாய். நாள் முழுக்க பஸ்ஸில் நிற்கிறவனுக்கு இடுப்பு வலி வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். "நம்ம வூட்டுல அப்படி எதுவும் இல்லண்ணா" என்றேன். நீ நிம்மதியாகப் போய், சொந்தத்தில் கட்டுவதற்குப் பங்குச்சாமியாரிடம் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாய்.

கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் உன் இதய வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். அந்த நாள் வருவதற்குள் நீ போய்விட்டாய். உன் வயதுக்கு வால்வு ஏன் அப்படிக் கல்லாகிப்போனது என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அழுகையில் அதுவும் அடங்கிப்போனது.

அடுத்த வருஷம் ஜெனிக்குப் பெண் பிறந்தாள். மெர்லின். உன் நெற்றி, உன் புருவம். குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பாப்பாரப்பட்டியில் லூர்து அக்கா வீட்டிலிருந்து ஜெனி எனக்குப் போன் செய்தாள்.

"சின்னத்தை, பாப்பா துணியெல்லாம் கறுத்துப் போகுது. நான் சரியா தொவைக்கிறதில்லன்னு பெரியத்தை திட்டிட்டே இருக்காங்க. எதித்த வூட்டு அம்மா வேற, புள்ளைக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. நான் நல்லாத்தான் தொவைக்கிறேன் சின்னத்தை. சோப்பு போடப் போடத்தான் இன்னும் கறுக்குது."

நான் கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தேன். சோப்பு போடப் போடக் கறுக்கிறது. இந்த ஒரு வரியை மாணவியாக இருந்தபோது பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். இத்தனை வருஷ வேலையில் ஒரு நோயாளியிடமும் கேட்டதில்லை. இப்போது என் அண்ணன் மகள் சொல்கிறாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குப் பயம் வரவில்லை அண்ணா, ஆர்வம்தான் வந்தது. பயம் ரயிலில் வரும்போதுதான் வந்தது.

பாப்பாரப்பட்டி வீட்டுக்குள் நுழையும்போதே அக்காவின் சத்தம் கேட்டது. "கை வலிக்குதுன்னு அலசிப் போட்டா இப்படித்தான் இருக்கும். கும்மித் தொவைக்கணும்." ஜெனி குழாயடியில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு புது வெள்ளைத் துணி கேட்டேன். இரண்டிலும் குழந்தை நனைத்தது. ஒன்றை வெறும் தண்ணீரில் அலசினேன். மற்றதை அலசாமல் சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கினேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துணி வெள்ளையாகவே இருந்தது. சோடாவில் போட்டது முதலில் பழுப்பானது, பிறகு காப்பித்தூள் நிறம், பிறகு கறுப்பு.

"அக்கா, அழுக்கு இல்ல இது. பாப்பா ஒடம்புல இருந்து வர்ற ஒரு பொருளு. சோப்பு, சோடா பட்டா கறுக்கும். காத்துல ரொம்ப நேரம் இருந்தாலும் கறுக்கும். ஜெனி மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அக்கா அந்தக் கறுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். உதறினாள். மறுபடி பிழிந்தாள். பிறகு குழாயடிக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சவரிக்கும் இப்படித்தான் இருந்துச்சு தெரேசு" என்றாள்.

"எந்த சவரிக்கு?"

"நம்ம சவரிக்குத்தான். நீ அப்ப பொறக்கவே இல்ல. அம்மா காட்டுக்கு வேலைக்குப் போயிருவாங்க. எனக்கு ஏழெட்டு வயசு. கெணத்துல எறைச்சு நான்தான் அவன் துணியத் தொவைப்பேன். கறுப்பு போவவே போவாது. சாயங்காலம் வந்து பாத்துட்டு அம்மா அடிப்பாங்க. எனக்குத் தொவைக்கத் தெரியலன்னே இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

எழுந்து போய் ஜெனியின் கையில் இருந்த வாளியை வாங்கினாள். "குடு சாமி. இனிமே நான் அலசறேன்" என்றாள். ஜெனி கொடுக்கவில்லை. இருவரும் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நான் உள்ளே போய் உன் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தேன். பிறகு ஜெனி கல்யாணப் போட்டோ. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் உன் காது சாதாரணமாக இருக்கிறது. இரண்டாவதில் இரண்டு காதிலும் அந்த நீலம். கண்ணின் வெள்ளையில் ஒரு பழுப்புப் புள்ளி. மலைத் தூசி என்று நாம் சொன்ன புள்ளி. பொம்மிடிக்குப் போன் போட்டு அண்ணியிடம் கேட்டேன். "உங்கண்ணன் பனியன் அக்குள்ல எப்பவும் கறுத்துத்தான் இருக்கும். டிக்கெட் பையோட சாயம்னு நெனச்சேன்" என்றார்.

இதற்கு ஆல்கேப்டோனூரியா என்று பெயர். நாம் சாப்பிடும் புரதத்தை உடம்பு படிப்படியாக உடைக்கிறது. அதில் ஒரு படியில் வேலை செய்ய வேண்டிய என்சைம் உனக்கு இல்லை. உடைபடாமல் நின்றுபோன அமிலம் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியே போனது. போகாதது குருத்தெலும்பில் படிந்தது. காதில், முதுகுத்தண்டில், மூட்டில். வால்வையும் அதுதான் இறுக்கியிருக்க வேண்டும். அம்மாவிடமிருந்து ஒரு பழுதான ஜீன், அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. அக்காவுக்கு ஒன்று இருக்கிறது. பரிசோதித்துப் பார்த்தேன், எனக்கும் ஒன்று இருக்கிறது. உன்னிடமிருந்து ஜெனிக்கும், அக்காவிடமிருந்து ஆல்பர்ட்டுக்கும் ஒவ்வொன்று போய், இரண்டும் மெர்லினிடம் சேர்ந்திருக்கின்றன.

முன்பே கண்டுபிடித்திருந்தால் நீ இருந்திருப்பாயா? தெரியவில்லை அண்ணா. வால்வைச் சில வருஷம் முன்னால் பார்த்திருப்போம். அது மட்டும் நிச்சயம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. உனக்கு எப்போதாவது சந்தேகம் வந்ததா? யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு இருந்தாயா? இல்லை, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாயா? பிறந்ததிலிருந்து இருப்பது எப்படி நோயாகத் தோன்றும்?

இது அம்மா வழியில் எங்கே தொடங்கியது, அப்பா வழியில் எங்கே கலந்தது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நான் மட்டும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள், எதுவும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டால் யாராவது வீட்டில் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார்களா? பிறகு அக்கா கிளம்பினாள். அவள் நோய் என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். "எனக்குத் தொவைக்கத் தெரியலன்னு எங்கம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன்" என்று ஆரம்பிப்பாள். கேட்கிற பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி சிரிக்க மாட்டாள்.

அப்படித்தான் மலையடிவாரத்தில் அம்மாவின் சித்தப்பா பேரன் ஒருவரைக் கண்டுபிடித்தோம். நாற்பது வயது. மரவள்ளிக் காட்டில் வேலை. முதுகு வளையவில்லை, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பெங்களூருவுக்கு அழைத்துப் போய் இதயத்தைப் பார்த்தோம். வால்வு இப்போதுதான் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. இனி வருஷா வருஷம் பார்ப்போம். அந்த அமிலத்தைக் குறைக்கிற மருந்து ஒன்று இருக்கிறது, அதற்கும் எழுதிப்போட்டிருக்கிறோம். கிளம்பும்போது அவர் "பேரு தெரிஞ்சதே பாதி வலி போன மாதிரி இருக்குதுங்க" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெர்லினுக்கு இப்போது இரண்டு வயது. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறாள். குழந்தைகளுக்கு அந்த மருந்தை எப்போது தொடங்குவது என்பது எங்களுக்குள்ளேயே இன்னும் தீராத பேச்சு. அவளுக்கு நேரம் இருக்கிறது. உனக்கு இல்லாத நேரம்.

இன்னொரு செய்தி. ஜெனி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று முன்பே அவளையும் ஆல்பர்ட்டையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன். பரிசோதனைகள் இருக்கின்றன, யோசித்துச் செய்யுங்கள் என்றேன். ஒரு மாதம் யோசித்துவிட்டு வந்து ஜெனி சொன்னாள்: "வந்தா வரட்டும் சின்னத்தை. அப்பா முப்பது வருசம் மலைக்கு பஸ்ஸுல போயிட்டுதான இருந்தாரு. என்னன்னு தெரியாமயே போனாரு. எங்களுக்குத் தெரியும்ல." அவள் பேசும்போது வார்த்தையை இழுக்கிற விதம் அப்படியே உன்னுடையது. அது எந்த ஜீனில் இருக்கிறது என்று யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பிரசவத்துக்கு நான் அங்கே இருப்பேன் அண்ணா. குழந்தையின் பரிசோதனை முடிவு எதுவாக இருந்தாலும் முதலில் ஜெனியிடம் சொல்வேன், மறைக்காமல், அவளுக்குப் புரிகிற பேச்சில். அவள் தலையில் யாரும் எந்தப் பழியும் போட விடமாட்டேன். நீ இருந்தால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கே நின்றிருப்பாயோ, அங்கே நிற்பேன்.

உனக்குப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த,
உன் ஒரே தங்கை,
தெரேசு