ஸ்பூன் எல்லாம் இடது பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சின்னவனின் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம். அம்மாவைப் பற்றி அந்தச் சொல்லை எழுதும்போது போன வருடம் முழுக்க என் பேனா தயங்கும், நீயும் கவனித்திருப்பாய். இந்த முறை தயங்கவில்லை. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் எனக்கு எதுவும் வரிசையாக வராது. நீ 'அப்புறம்' என்று கேட்டதும் பாதியை விழுங்கிவிடுவேன். தவிர, போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

நான் காலையில் உன் தம்பியின் ரெஸ்டாரண்டுக்குப் போய் வருவது உனக்குத் தெரியும். பொழுது போகாமல் போகிறேன் என்று நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால் அம்மா என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள். வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அவள் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. தட்டை அறையில் வைக்கச் சொல்லுவாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போடுவாள். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, சிந்தி, அதைத் துடைத்து, மறுபடி எடுத்து, இப்படி ஒரு வேளைச் சாப்பாடு முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குச் சொன்னால் நீ அழுவாய். நான் வெளியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் உள்ளேயிருந்து சொன்னாள், "நீங்க அங்க உக்காந்து மூச்சு விடறது எனக்குக் கேக்குது. சோறு இறங்க மாட்டேங்குது. எங்கயாவது போயிட்டு வாங்க." எங்கே போவேன், தம்பியிடம் போனேன். அவனுக்கும் என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தொட்டி நிறைய ஸ்பூனையும் ஒரு துணியையும் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டான்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப் போனது பாப்பா. கல்லூரி ஆய்வகத்தில் பீக்கர் கழுவிக் கழுவிப் பார்த்த கைதானே. வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஸ்பூன், முள்கரண்டி, கத்தி எல்லாவற்றையும் முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் துடைத்தால் நீர்த்திட்டு தங்காது. அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான், அழுக்கு இல்லை. நூல் உதிராத துணியாக இருக்க வேண்டும், காம்பைப் பிடித்துத் துடைக்க வேண்டும், வாயில் படுகிற பக்கத்தை விரல் தொடக் கூடாது. கண்ணாடி டம்ளர் என்றால் வெந்நீர் ஆவியில் காட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விள்ளல், சில்லு பெயர்ந்த இடம், விரலுக்குத் தெரியும். விள்ளல் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன், சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி ஒரு தடவை தடவுவேன். ஹாலைக் கவனித்துக்கொள்கிற ஒரு பெண்மணி இருக்கிறார், நடையைப் பார்த்து எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரமே என் பக்கத்தில் வந்து நின்று, "சார், ஸ்பூனைத் தொடைக்கிறீங்களா, ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். பிறகு அவரே மேசை வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். விரிப்பின் மடிப்புக்கோடு மேசையின் நடுவில் ஓட வேண்டும், தட்டு விளிம்பிலிருந்து கட்டைவிரலின் ஒரு கணு அளவு உள்ளே இருக்க வேண்டும், முள்கரண்டி இடது பக்கம், கத்தியும் ஸ்பூனும் வலது பக்கம், கத்தியின் நுனிக்கு நேர் மேலே தண்ணீர் டம்ளர். நான் வைப்பேன், அவர் பின்னாலேயே வந்து திருத்துவார்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மேசை முழுவதுமே வலது கைக்காரர்களுக்காக வைக்கப்படுகிறது. அம்மாவுக்கு அதைத் திருப்பி வைத்தால் என்ன? தம்பியிடம் கேட்டு விளிம்பு உயர்ந்த கனமான தட்டு ஒன்று வாங்கி வந்தேன். அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் தட்டு நகராது. ஸ்பூனும் டம்ளரும் இடது பக்கம், ரொட்டித் தட்டும் முள்கரண்டியும் வலது பக்கம். மூன்று வேளையும் அவள் அறை மேசையில் அப்படி வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன், கதவு சாத்திக்கொள்ளும். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதை எடுத்துவிடச் சொல்வாளோ என்று பயம். தட்டைத் திரும்ப எடுக்கும்போது துணியைப் பார்ப்பேன். முதலில் துணி முழுக்கக் கறையாக இருக்கும். போகப் போகக் குறைந்தது. ஒரு நாள் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

இந்த நிலையில்தான் கடைக்கு ஐந்து வருடம் நிறைகிறது, அன்று மதியம் சம்பந்தி வீட்டாரையும் வாடிக்கையாளர்களையும் அழைத்து விருந்து வைக்கப்போகிறேன் என்று தம்பி சொன்னான். அம்மா உட்காராமல் அவனுக்கு அது விருந்தே இல்லை, உன் தம்பியை உனக்குத் தெரியும். அம்மா முடியாது என்றுவிட்டாள். சம்பந்தியம்மாவை நீ பார்த்திருக்கிறாய், புடவை மடிப்புக்கூடக் கலையாமல் சாப்பிட்டு எழுந்திருப்பவர்கள், அவர்கள் முன்னாலா சூப்பைக் கொட்டிக்கொள்வது என்று கேட்டாள். மேஜர் நல்ல எண்ணத்தில், மூலையில் ஒரு மேசையை மட்டும் இடது கைக்கு வைத்து நடுவில் திரை ஒன்று போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். தம்பி அதை வந்து சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "திரை போட்டா அதைத்தாண்டா எல்லாரும் பாப்பாங்க" என்றாள், அவ்வளவுதான். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. துணியில் மறுபடி கறை. இப்படியே போனால் இந்தக் கதவு இனித் திறக்காது, நம் வீட்டில் இனி ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை, நீ குழந்தைகளோடு வந்தாலும் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளேதான் போவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

விருந்தன்று காலை நான் வழக்கம் போலப் போனேன். சலவைக்குக் கொடுத்த நாப்கின் வந்து சேராததால் மேஜர் நேரிலேயே எடுத்துவரப் போயிருந்தார். தம்பி சமையலறையில், பரிமாறுகிறவர்கள் பூ வைப்பதிலும் நாற்காலி இழுப்பதிலும் இருந்தார்கள். மேசைகளை வைக்க ஆள் இல்லை. நான் வைக்கிறேன் என்று சொன்னேன் பாப்பா, எனக்கே ஆச்சரியம். முதல் மேசையை வைக்கும்போது மனசெல்லாம் வீட்டில்தான். அம்மா தனியாக என்ன சாப்பிடுவாள், தட்டு வைத்துவிட்டு வந்தேனே, அடியில் துணி போட்டேனா இல்லையா என்று. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அடுத்த மேசையை முதல் மேசையைப் பார்த்து வைத்தேன், அதற்கடுத்ததை இதைப் பார்த்து. முடித்ததும் எனக்குத் திருப்தி வராதே, ஒவ்வொன்றாகத் திரும்பவும் சரிபார்த்தேன். எதை வைத்துச் சரிபார்த்தேன்? முதல் மேசையை வைத்து. எல்லாம் அச்சு அடித்தாற்போல ஒன்றாக இருந்தன. வாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன், டம்ளர்கள் நூல் பிடித்தாற்போல நின்றன. ஆய்வகத்தில்கூட நான் இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மேஜர் நாப்கின் கட்டோடு உள்ளே வந்தார், நின்றார், மெதுவாகக் கேட்டார், "சார், கண்ணாடியில பாத்துக்கிட்டே வச்சீங்களா?" எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு ஸ்பூனை எடுத்து எதிர்ப் பக்கம் வைத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. ஹால் முழுக்க, ஒரு மேசை பாக்கியில்லாமல், அம்மாவின் மேசை. விருந்தாளிகள் வாசலில் வந்து நிற்கிறார்கள். தம்பி ஓடி வந்தான், பார்த்தான், என்னைத் திட்டுவதற்கு அவனுக்கு நேரமில்லை, ஆளுக்கு இரண்டு மேசையாக மாற்றுங்கள் என்று எல்லோரையும் விரட்டினான். மூலை மேசையில் மாற்ற ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மருமகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறாள். சாப்பிட வேண்டாம் அத்தை, பூ அலங்காரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லி எப்படியோ கிளப்பி வந்திருக்கிறாள்.

அம்மா வாசலுக்குப் பக்கத்து மேசையில் நின்றாள். ஸ்பூனைப் பார்த்தாள். அடுத்த மேசைக்குப் போனாள், அங்கேயும் பார்த்தாள். அதற்கடுத்ததற்கும் போனாள். பிறகு என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் கையில் துணியோடு நின்றிருந்தேன். நடுவில் சம்பந்தி வீட்டாருக்குப் போட்டிருந்த பெரிய மேசையில் போய், தானே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றான். பிறகு பரிமாறுகிறவர்களிடம் கையைக் காட்டி, மாற்றியதையும் பழையபடி வைக்கச் சொன்னான். உன் தம்பிக்கு இவ்வளவு சமயோசிதம் எங்கிருந்து வந்ததோ, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. வந்தவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே, "அஞ்சு வருஷமா வலது கையால சாப்பிட்டாச்சு, இன்னைக்கு ஒரு நாள் எங்க கடையில இடது கை" என்று சொல்லி உட்கார வைத்தான்.

அந்த மதியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாரம் தவறாமல் வருகிற பல் டாக்டர் சட்டைக் கையைச் சூப்பில் நனைத்துக்கொண்டார், இந்தக் கையால் பல் பிடுங்கினால் நோயாளி மிஞ்ச மாட்டான் என்று அவரே சொல்லிக்கொண்டார். சிலர் யாரும் பார்க்காதபோது கையை மாற்றிக்கொள்ள, எதிரில் இருப்பவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா ஸ்பூனை வாய் வரை கொண்டுபோவதற்குள் பாதி விரிப்பில் விழுந்துவிட்டது. முகம் சிவந்து போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது அம்மா அவர்கள் பக்கம் சாய்ந்து சொன்னாள், "நடுவுல அள்ளாதீங்க சம்பந்தி, ஓரமா எடுங்க. எடுத்ததும் ஸ்பூன் அடியை விளிம்புல ஒரு தொடு தொட்டுட்டுத் தூக்குங்க, சொட்டாது." சொல்லிவிட்டு ஒரு வாய் செய்தும் காட்டினாள். ஹால் முழுக்க நிதானமாகச் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு தொடு தொடுவதை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் தனியாக இருந்து கற்றது. நான் துணியால் ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றேன், மேஜர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு என்னைச் சாப்பிட அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அம்மா, "எனக்காக ஹால் முழுக்க மாத்தி வச்சீங்களே" என்றாள். அங்கேதான் நான் கோழையாகிவிட்டேன் பாப்பா. இல்லை, கவனக்குறைவு, தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் 'ம்' என்று மட்டும் சொன்னேன். செய்யாத நல்லதற்குப் பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் அவள் மனம் உடைந்து மறுபடி தாழ்ப்பாள் போடுவாளோ என்று பயம், சொல்லாவிட்டால் எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. மறந்து விட்டுவிட்டாளா, வேண்டுமென்றே விட்டிருக்கிறாளா என்று தெரியாமல் நான் சமையலறையிலேயே நின்று சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். நீயே யோசித்து ஒரு வழி சொல். அம்மாவிடம் மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

உன் வீட்டுத் தட்டுகளில் சாம்பல் நிறக் கோடு விழுகிறது என்று சொன்னாயே, அது விரிசல் இல்லை, கத்தியின் உலோகம் தேய்ந்து ஒட்டுவது. சமையல் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய், போய்விடும். சூடான டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே, ஈர டம்ளரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காதே. உப்பு பட்ட ஸ்பூனை விடிய விடிய ஊறவிட்டால் புள்ளி விழும். வேலை வேலை என்று நீ நின்றபடியே சாப்பிடுவதாக மாப்பிள்ளை சொன்னார், உட்கார்ந்து சாப்பிடு. எனக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லைதான்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. விடுமுறைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். அம்மா ஒரு வரி எழுதுகிறேன் என்கிறாள், கை விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை. கீழே இடம் விட்டிருக்கிறேன், மேலே உள்ளதை மடித்துவைத்துத்தான் கொடுப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பாப்பா, எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க. மடிச்சுக் குடுத்தா பிரிக்கத் தெரியாதா எனக்கு. உங்க அப்பா வேணும்னு அப்படி வைக்கிற ஆளா? அன்னைக்கு ஹால்ல நுழைஞ்சப்பவே தெரியும். வீட்டுல தன் ஸ்பூனையும் இடது பக்கம் வச்சுட்டு வலது பக்கம் தேடுறவர். நெனப்பு பூரா எங்க இருந்தா கை இப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா. கதவைத் தொறந்து வச்சு ஒரு வாரம் ஆச்சு. அவர் தட்டையும் எடுத்துக்கிட்டு உள்ள வரச் சொல்லு.
அம்மா