முப்பத்து நான்காவது தட்டு

மல்லசமுத்திரம்
ஞாயிறு காலை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். தினம் போனில் பேசிக்கொண்டு இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். மாதேஸ்வரன் மாமா மகன் மதியழகன் வெள்ளிக்கிழமை நெதர்லாந்துக்குக் கிளம்புகிறான், அவனிடம் உனக்கு முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். இது நான்கு மாதத்துக் கதை, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நான் வேலைக்குப் போகிறேன் சாமி. போகிறேன் என்றால் எங்கும் போகவில்லை, நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பை உன் அறை மேஜையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன். உனக்கு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எம்.எஸ்சி. முடித்து பி.எட்.டும் முடித்துக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள், இருபத்தெட்டு வருஷமாகக் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கவும் முட்டை பொறுக்கவும்தான் இருந்தேன். இனி போய் வேலை கேட்டு, அதுவும் கிடைக்காமல் போனால், அந்த வெட்கத்தை உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தேன். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஆடி மாதம் நம் இலக்கியா வந்திருந்தாள், உன்னோடு பிளஸ் டூ படித்தவள், இப்போது சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலிருந்தபடியே தாள் திருத்துகிற வேலை இருக்கிறது, லீவில் நான் செய்கிறேன் என்று அவள்தான் சொன்னாள். எனக்கும் வேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவள் போன பிறகு நானே போனில் தேடிப் பார்த்தேன், முதலில் மாட்டியது ஒரு திருட்டுக் கும்பல். மாதம் நாற்பதாயிரம் சம்பளம், பதிவுக்கு மட்டும் இரண்டாயிரம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பியே விட்டிருப்பேன், விரல் வரைக்கும் வந்துவிட்டது. இலக்கியாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் பதறிப்போய், "அத்தை, வேலை குடுக்கறவங்க நமக்குத்தானுங்க பணம் தருவாங்க, நம்மகிட்ட எதுக்குங்க கேக்கறாங்க" என்றாள். அத்தனை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை பார். பிறகு அவள் வேலை செய்கிற கம்பெனிக்கே என் சான்றிதழ்களையெல்லாம் படம் பிடித்து அனுப்பினாள். பீரோ அடியிலிருந்து எடுத்தபோது ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது, ஆனால் மார்க் அப்படியேதான் இருந்தது.

சும்மா எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முதலில் நமக்கே பரீட்சை. அவர்கள் ஏற்கெனவே மார்க் போட்டுவைத்த தாள்கள் இருபது தருவார்கள், நாம் போடுகிற மார்க் அதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் தடவை நான் பெயில். வழி சரியாகப் போட்டுக் கடைசியில் கூட்டலில் சறுக்கின பிள்ளைக்கெல்லாம் பாவம் என்று அரை மார்க் போட்டுவிட்டேன், ஒரு பெண் பிள்ளை கையெழுத்து முத்து முத்தாக இருந்ததற்கு ஒன்று சேர்த்துப் போட்டேன். இலக்கியா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து நாள் பொறுத்து இரண்டாம் தடவை எழுதி, தேறிவிட்டேன். தேறினேன் என்று வந்ததும் யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை, உன் அப்பா தீவன லாரிக்காரனோடு பேசிக்கொண்டு இருந்தார், நான் நேரே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் காபி எனக்கு மட்டும் போட்டு உட்கார்ந்து குடித்தேன்.

அப்பாவிடம் அன்று மாலை சொன்னேன். "அட, இதென்னாத்துக்கு இப்ப, நமக்குச் சோத்துக்கா இல்ல" என்றார். சோற்றுக்கு இல்லைங்க, எனக்கு என்றேன். மறுநாள் நான் கேட்காமலே உன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து நிறுத்தினார். இப்போது காலை வேளையில் மோட்டார் போடுவதில்லை, டிவி கிடையாது, யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். அரிசிம்பருப்பு சாதம் வைக்கப் பழகிவிட்டார். முதல் நாள் களி மாதிரி இருந்தது, இரண்டாம் நாள் பரவாயில்லை, இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அதை அவரிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

வேலை எப்படியென்றால், ஸ்கேன் செய்த தாள் திரையில் வரும், பிள்ளையின் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். ஒருவருக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கான விடையை மட்டும் நூற்றுக்கணக்கான தாளில் பார்க்க வேண்டும். பக்கத்தில் விடைக்குறிப்பு இருக்கும், அதன்படி சுழி, ஒன்று, இரண்டு என்று ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். நடு நடுவே ஏற்கெனவே மார்க் போட்ட தாளும் நமக்குத் தெரியாமல் வரும், அதில் நாம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும், வேலை அதோடு நின்றுபோகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆறாம் வகுப்புக் கேள்வி. ஒரு தட்டில் முப்பது முட்டை வைக்கலாம், ஆயிரம் முட்டை வைக்க எத்தனை தட்டு வேண்டும். நம் வீட்டுக் கணக்கே வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். விடைக்குறிப்பைப் பார்த்தால் முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று என்று போட்டிருக்கிறது. வேறு விடைக்குச் சுழி. எனக்கு உறுத்தியது, ஆனால் புதிதாகச் சேர்ந்தவள், எதற்கு வம்பு என்று முதல் ஒரு மணி நேரம் அவர்கள் சொன்னபடியே போட்டேன். முப்பத்து நான்கு என்று எழுதின பிள்ளைகள் நாற்பது பேருக்குமேல் இருக்கும், அத்தனை பேருக்கும் சுழி அமுக்கினேன் சாமி. அப்புறம் ஒரு தாள் வந்தது. பென்சிலில் கோணல் மாணலாக எழுதியிருந்தது, 33 தட்டு நிறைந்துவிடும், 10 முட்டை மிச்சம், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது, அதனால் இன்னொரு தட்டு வேண்டும், மொத்தம் 34. கீழே ஒரு தட்டு வரைந்து அதில் பத்து வட்டம் போட்டிருந்தது. எனக்கு விரல் எழவில்லை. எழுந்து போய்ப் பண்ணையில் முட்டை ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து அந்தப் பிள்ளைக்கு இரண்டு மார்க் போட்டேன். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு என்று வந்த தாளுக்கெல்லாம் இரண்டு மார்க்தான்.

சாயங்காலத்துக்குள் திரை பூட்டிக்கொண்டது. எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்கிற குணசீலன் என்கிற தம்பி கூப்பிட்டார், நல்ல பிள்ளைதான், குரலிலேயே களைப்புத் தெரிந்தது. "மேடம், சரியா தப்பான்னு நீங்க பாக்க வேண்டாம், கீயில என்ன இருக்கோ அதப் போடுங்க, அந்தத் தாளெல்லாம் மறுபடி கீ படி திருத்திக் குடுத்திடுறேன்னு ஒரு வரி எழுதுங்க, உடனே திறந்து விடுறேன்" என்றார். ஒரே ஒரு வரி. நாளைக்குச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் மனசு போயிற்று. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்தது, இரண்டு மார்க்குக்காகப் போய்விடுமே என்று அழுகைகூட வந்தது. அப்பாவிடம் சொன்னால், "நமக்கெதுக்குப் புள்ள வம்பு, அவங்க சொல்றபடி போட்டுட்டுப் போவியா" என்றார். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே, "ஆமா, கேள்விதான் என்னது?" என்று கேட்டார். கேள்வியைச் சொன்னேன், அவர்கள் விடையையும் சொன்னேன். அவ்வளவுதான், கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டார். "மூணுல ஒரு பங்குத் தட்டு எந்த ஊர்ல விக்கறானாம்? எனக்கும் நாலு வாங்கியாரச் சொல்லு. அந்தப் பையன் சொன்னதுதான் சரி, நீ எழுதிக் கிழுதிக் குடுத்தீன்னா பாத்துக்க" என்று ஒரே சத்தம். பையனா பெண்ணா என்றே நமக்குத் தெரியாது என்றேன். "எதா இருந்தா என்ன, அதுக்குப் புத்தியிருக்குது" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம், கேட்டால் நீ சிரிப்பாய். வாசலில் முப்பத்து மூன்று தட்டு முட்டையை அடுக்கி வைத்தோம், மிச்சப் பத்தை ஒரு தட்டில் வைத்து அப்பா கையில் ஏந்திக்கொண்டு நிற்க நான் படம் எடுத்தேன். சிரியுங்கள் என்றேன், இது சிரிக்கிற விஷயமில்லை என்று ஆதார் கார்டுப் படத்தில் இருப்பது போலவே முறைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தோடு கம்பெனித் தலைமைக்கு ஒரு மெயில் எழுதினேன். வகுத்தலுக்கு விடை வேறு, கேட்ட கேள்விக்கு விடை வேறு, மீதி வந்தால் என்ன செய்வது என்று யோசித்த பிள்ளைக்குச் சுழி போட்டால் அது இனி யோசிக்காது, நான் அப்படித் திருத்த மாட்டேன், ஏற்கெனவே நாற்பது பேருக்கு அப்படிச் செய்ததற்கு எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று எழுதினேன். இங்கிலீஷில்தான். நான்கு முறை அடித்து அடித்து எழுதி இலக்கியாவிடம்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டேன்.

ஐந்து நாள் ஒரு பதிலும் இல்லை. அப்பா கேட்டால் இன்னும் பார்க்கவில்லை போல என்பேன். அந்த வாரம் நீ போனில் அம்மா ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, தொண்டை கரகரப்பு என்றேனே, அது தொண்டை இல்லை. மேஜையைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன், இனி இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார், கணக்குப் பிரிவுக்கே அவர்தான் பெரியவராம். எடுத்ததும் சிரிப்பு, அந்த முட்டைத் தட்டோடு நிற்கிறவர் யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, தவறு எங்களுடையது, விடையை மாற்றிவிட்டோம், இனி முப்பத்து நான்குக்கு இரண்டு மார்க், அந்தப் பின்னத்துக்கு ஒன்று, எல்லாப் பள்ளித் தாளையும் மறுபடி திருத்தச் சொல்லிவிட்டோம் என்றார். என் நாற்பதையும் நானே திருத்த வேண்டும், கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு, இரண்டு, இரண்டு என்று அமுக்கிக்கொண்டே போனேன் சாமி, உன்னைப் பெற்றெடுத்த நாளுக்கு அப்புறம் அப்படியொரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. பென்சிலில் எழுதின அந்தப் பிள்ளை எந்த ஊர், யார் பெற்றது என்று ஒன்றும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. இருக்கட்டும்.

அதோடு விடவில்லை, பரீட்சை நடப்பதற்கு முன்னாலேயே விடைக்குறிப்பைப் பார்த்துச் சரிசெய்கிற வேலையை என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தினம் மூன்று மணி நேரம். பூட்டிக் கிடந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள், அது அவர்கள் சட்டம், போகட்டும். குணசீலன் தம்பி தனியாகக் கூப்பிட்டு, "மேடம், எனக்கும் அது உறுத்திச்சு, கேக்கத் தைரியம் வரல" என்றார். கல்யாணம் ஆகாத பிள்ளை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தேன்.

வேறு விசேஷம், ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், நம் முருங்கை மரம் போய்விட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் மதியழகன் வீட்டு விருந்தில் லட்டு தின்றதை மறைக்கப் பார்த்தார், மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. நீ மழையில் சைக்கிளில் போகாதே, போனால் அந்தக் கையுறையைப் போட்டுக்கொள். பிரெட்டைத் தின்றே நாளைத் தள்ளாதே, பொடி அனுப்பியிருக்கிறேன், ஒரு பிடி சோறு வைக்க இருபது நிமிஷம்தான். வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய் நொடியில்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் அம்மிணி, அதுதான் நானும் அப்பாவும் தினமும் வேண்டிக்கொள்வது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஆபீசுக்குப் போகிற வழியில் டிராமில் ஏறியதும் என்னைக் கூப்பிடுகிறாய் அல்லவா, இது உன் கைக்கு வந்ததும் வருகிற திங்கட்கிழமையிலிருந்து அது வேண்டாம். நம் ஊர் மணிக்குப் பத்திலிருந்து ஒன்று வரை கூப்பிடாதே, உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு. அவசரமென்றால் அப்பாவுக்குப் போடு, அம்மா வேலையில் இருக்கிறாள் என்று சொல்வார். அதைச் சொல்ல அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கோகிலவாணி