சேரா டோனியால் வந்த தூக்கம்

அன்புத் தம்பி ஷெர்வினுக்கு,

பெங்களூர் மர்பி டவுனிலிருந்து அக்கா குளோரியா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலம்தான் எனக்குத் தெரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வருகிறது. அதை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிப்பேன்? நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், லீவு நாளில் எழுந்திருப்பதே இல்லையாம். தொம்மலூர் வீணா சொன்னாள். அவள் லீவு முடிந்து அங்கே துபாய்க்குத் திரும்புகிறாள், அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் மானம் கப்பலேறிய கதையைக் கேள். போன மாதம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுகிறார்: "சேரா டோனினாலதான் இப்ப நிம்மதியா தூங்கறேன். குளோரியாவுக்கு இன்னும் தெரியாது." எனக்கு எப்படி இருந்திருக்கும்! சேராவைத்தான் உனக்குத் தெரியுமே. நம் கோயில் கொயரில் பாடுகிறவள், டோனியின் பெண்டாட்டி, அடுத்த தெரு. துணியை அப்படியே போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கோபமே படவில்லை. மாவுக் கையோடு என்னை இழுத்துக்கொண்டு வந்து உன் மாமாவிடமே கேட்டாள்: "ஏன் லாயிட், என்னாலதான் தூக்கம் வருதாமே உங்களுக்கு?"

மனிதர் வெளுத்துப்போனார். அப்புறம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ரொம்ப நாளாகவே தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று சிவாஜிநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருக்கிறார். மாடியில் பேசியதும் அந்த அம்மாவிடம்தான். அவர் சொன்னது செரடோனின்! சேராவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "பைத்தியம்னு நெனச்சிடுவியோன்னு பயந்துட்டேன், குளோரி" என்றார். பக்கத்தில் படுக்கிற எனக்கே தெரியவில்லையே என்று அழுதுவிட்டேன்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். செரடோனின் நம் உடம்பே சுரக்கிற சரக்குதானாம், பெரும்பகுதி குடலில்தானாம். ஹார்மோன் மாதிரி ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றாமல், சுரந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சேதியைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுமாம். மாத்திரை அதை மூளை நரம்புகளுக்கு நடுவில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறது. இறால் தின்றால் உனக்குத் தடிப்பு வருமே, அதைக் கிளப்பிவிடுகிற ஹிஸ்டமினும் இதே கூட்டம்தானாம். அந்தத் தடிப்புக்கு மட்டும் வெட்கப்படாமல் டாக்டரிடம் ஓடுவாயே, ராஜா!

இப்போது எங்கள் வீட்டில் மாத்திரைக்கே சேரா என்று பெயர். சாப்பிட்டு முடித்ததும் "சேராவைப் பாத்தாச்சா?" என்று கேட்பேன். டோனி வந்திருந்தால் மட்டும் கேட்பதில்லை. உன் மாமா குளிக்கும்போது மறுபடி பாடுகிறார், சுருதிதான் இன்னும் சேரவில்லை.

உனக்கும் அதே வியாதி என்று நான் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்? ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஷெர்வின். இங்கே உட்கார்ந்து ஜெபிக்கிறேன், திட்டுகிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் உன்னிடம் வந்து சேரவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதனால் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று வீணாவிடம் சொல்லவில்லை. நீ படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் உன்னோடு வருவாள். முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பைப் போடுடா.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன்,
அக்கா குளோரியா