பல்லில் கடித்த கயிறு

அன்புள்ள கண்ணு சங்கமித்ராவுக்கு,

வியாசர்பாடியிலிருந்து உன் சித்தப்பா பீம்ராவ் எழுதுறது. இங்கே எல்லார் உடம்பும் ஓடிக்கிட்டிருக்கு, உங்கம்மாவின் இடது முட்டி மட்டும் மழைக்கு முந்தி ஒரு தடவை முனகுது, உன் சித்தி கெங்கம்மாவுக்கு சர்க்கரை இறங்கி கோபம் ஏறியிருக்கு, ஏதென்ஸில் உன் உடம்பும் மனசும் நல்லா ஓடுதான்னு எழுது. முதலில் ஒண்ணைச் சொல்லிடுறேன். இது எல்லாம் நடக்கும்னு நான் அப்பவே சொன்னவன். நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது ராயபுரம் கடற்கரைப் பாறை மேலே உன்னைத் தோளில் தூக்கி வச்சிருந்தேன், தூரத்தில் ஒரு கப்பல் பனியில் மிதக்கிற வீடு மாதிரி நின்னுது, அது எங்கே போகுதுன்னு கேட்டே, கிரேக்க தேசத்துக்குப் போகுது கண்ணு, ஒரு நாள் நீயும் போவே, அந்த ஊர் வாத்தியாருங்களுக்கே அவங்க கதையை நீ சொல்லிக் கொடுப்பேன்னு சொன்னேன். அது எண்ணூருக்கு வந்த நிலக்கரிக் கப்பல்னு உங்கம்மா இப்பவும் சொல்றாங்க. கப்பல் எதுவா இருந்தா என்ன, நான் சொன்னது நடந்துதா இல்லையா.

உன் கடிதத்தை உங்கம்மாவுக்கு ரெண்டு தடவை, எனக்கு நானே மூணு தடவை படிச்சேன். வர்ற வெள்ளிக்கிழமை நீ பெரிய சபையில் நின்னு கட்டுரை படிக்கப் போறே. பழைய கிரேக்கப் பாட்டில் வீரன் எப்படி இருந்தான், இந்தக் காலத்தில் அதே கதையைத் திருப்பி எழுதுறவங்க கையில் அவன் எப்படி ஆயிட்டான் என்கிறது விஷயம், நடுவில் எங்க அண்ணன் அறிவு, அதான் உங்கப்பா, அவர் கதையை வைக்கப் போறே, ஒரு வீரன் கதை வாயிலிருந்து வாய்க்குப் போகும்போது எப்படி வளருதுன்னு காட்ட. படிச்சதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோச்சு, ஏன்னா அந்தக் கதையை வளர்த்த வாய் எதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்துட்டே. விசாவுக்காக எடுத்த பிறப்புச் சான்றிதழில், நீ பிறந்த தேதிக்கும் உன் பேரைப் பதிஞ்ச தேதிக்கும் நடுவில் பதினாலு மாசம் இருக்கு, அப்பா சாகும்போது சொல்லிட்டுப் போன பேரை எழுத ஏன் சித்தப்பா பதினாலு மாசம், அவர் நிஜமாவே சொன்னாரா, இதுக்கு மட்டும் நேரா பதில் வேணும், இல்லைன்னா வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தையே கிழிச்சுடுவேன்னு எழுதியிருக்கே. போனில் கேட்டா நீ கூட்டிச் சொல்லுவே, கையால எழுது, கை வலிச்சா பொய் குறையும்னு வேற ஒரு குத்து. சரி, எழுதுறேன். கை இன்னும் வலிக்கலை.

இப்போ திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேட்டில், என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுறேன். மத்தியானம், காத்து கடல் பக்கம் இருந்து வருது, எண்ணூர் சிம்னிப் புகை சாய்ஞ்சு போய் வானத்தில் படுத்திருக்கு, டிரெய்லர் லாரிங்க வரிசையா நின்னு தூங்குது. காலையில் ஒரு பெட்டி வந்தது, சீட்டில் பிரேயஸ்னு உன் ஊர்த் துறைமுகத்தின் பேர் இருந்தது. உள்ளே ஆலிவ் எண்ணெய்னு சீட்டு சொல்லுது. நான் காதை வச்சுப் பார்த்தேன், அலைச் சத்தம் கேட்டது, நம்பினா நம்பு. அப்படியே கண் செருகினதில் உன் கிரேக்கக்காரனுங்க எல்லாரும் கவசத்தோட என் கேட்டில் வரிசையில் வந்து நிக்கிறானுங்க. அவனுங்க பேரு என் வாயில் நிக்காது, நீ சொன்ன கதையை வச்சுத்தான் அடையாளம். குதிகாலில் மட்டும் சாவை வச்சிருந்தானே அந்த வீரன், அவன்கிட்டே நான் சொன்னேன், சேஃப்டி ஷூ இல்லாம உள்ளே விட மாட்டேன், போட்டுக்கிட்டு வான்னு. அவங்க ஊரில் யாராவது ஒரு ஆள் இதைச் சொல்லியிருந்தா பாட்டே வேற மாதிரி முடிஞ்சிருக்கும். அப்புறம் அந்த மரக்குதிரை. என் கேட்டுக்கு வந்திருந்தா சீல் நம்பர் பார்க்காம விட்டிருப்பேனா. பத்து வருஷம் கோட்டையைக் காத்துட்டு, சீட்டு இல்லாத சரக்கை உள்ளே இழுத்துக்கிட்டுப் போனானுங்க பார், அங்கேதான் ஊர் போச்சு.

ஆனா என்னைத் தொந்தரவு பண்றவன் அந்தக் கப்பல் ராஜாதான், சண்டை முடிஞ்சு வீடு வந்து சேரப் பத்து வருஷம் கடலில் சுத்தினவன். பழைய பாட்டில் அவன்தான் பெரிய ஆள், புத்திசாலி, கடலையே ஏமாத்தினவன். இப்போ எழுதுறவங்க அவனைக் கொஞ்சம் களைச்ச மனுஷனா, பொய் சொல்றவனா எழுதுறாங்க, வீட்டில் நெய்து நெய்து பிரிச்சுக்கிட்டு இருந்த பொண்டாட்டி பக்கமா, அவன் விட்டுட்டு வந்த பொம்பளைங்க பக்கமா உட்கார்ந்து எழுதுறாங்கன்னு நீ சொன்னே. வீரனை எதுக்குக் குறைக்கணும்னு முதலில் எனக்குக் கோபம்தான். அப்புறம் யோசிச்சேன். அவன் கூடப் போன ஆளுங்க எத்தனை நூறு பேர், அத்தனை பேரும் வழியில் செத்து இவன் ஒருத்தன் மட்டும் கரை சேர்ந்தான். நம்ம ஹார்பரில் ஒருத்தன் அப்படி வந்து நின்னா பாட்டா பாடுவாங்க, விசாரணை வச்சு கார்டைப் பிடுங்கிடுவாங்க. உங்கப்பா அதுக்கு நேர் தலைகீழ். மத்தவங்க கரை சேர்ந்தாங்க, அவர் ஒருத்தர் சேரலை. இதை உன் கட்டுரையில் போட்டுக்கோ, யார் சொன்னதுன்னு பேரும் போடு.

கதையை மறுபடி ஒரு தடவை எழுதிடுறேன், சபையில் தப்பா வந்துடக் கூடாது. நீ பிறந்து ஒன்பதாம் நாள். கார்த்திகை மாசக் காத்து. வெளியே நங்கூரம் போட்ட கப்பலில் வேலை முடிச்ச ஆளுங்களை ஏத்திக்கிட்டு வந்த லாஞ்சு, கல் அணைகிட்டே கவிழ்ந்துபோச்சு. உங்கப்பா பக்கத்தில் நின்ன டக்கில், அதான் கப்பலை இழுக்கிற படகில், கலாசி, கயிறு கட்டுறதும் இழுக்குறதும்தான் அவர் வேலை. அலை பனைமர உயரம். கயித்து முனையைப் பல்லில் கடிச்சுக்கிட்டுக் குதிச்சார், ஏன்னா நீந்த ரெண்டு கையும் வேணும், அவர் எப்பவுமே அப்படித்தான். ஒருத்தன்கிட்டே போய்க் கயித்தைக் கொடுப்பார், டக்கில் இருக்கிறவங்க இழுத்துக்குவாங்க, மறுபடி கடிச்சுக்கிட்டுப் போவார். இப்படி ஏழு பேர். கடைசித் தடவை அலை மேலே ஏறி நின்னு, கரையைப் பார்த்து, என் பொண்ணுக்கு சங்கமித்ரான்னு பேர் வைங்கன்னு கத்தினார், அப்புறம் அலை மூடிச்சு. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது நான் ரெண்டு பேர்னு சொன்னேன், ஆறாங்கிளாஸில் நாலு ஆச்சு, பத்தாங்கிளாஸில் ஏழு ஆச்சுன்னு கணக்கு எழுதி வச்சிருக்கே. கேட்கிற புள்ளை வளரும்போது கதையும் கூட வளர வேண்டாமா. அளவா தச்ச சட்டையை எத்தனை வருஷம் போட முடியும்.

சரி, சாட்சி கேட்கிறே, சாட்சியே பார்த்துட்டு வந்தேன். நேத்து தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறி உசேன் பஞ்சர் கடைக்குப் போனேன். அன்னைக்கு உங்கப்பா இழுத்துப் போட்டதில் அவர்தான் முதல் ஆள், உனக்குத் தெரியும், வருஷா வருஷம் உன் பிறந்தநாளுக்கு ஒன்பதாம் நாள் பிரியாணி கொண்டாந்து கொடுப்பாரே. என்னைப் பார்த்ததும் சிரிச்சார், "வா மாமு, இந்த வருசம் எத்தினி பேரு, ஏழா எட்டா? உன் கணக்குல மெட்ராஸே அன்னிக்கு தண்ணிலதான் இருந்திச்சி"ன்னார். ரெண்டு பேர்தான்னு அவர் சொல்றார், அவரும் ஒரு நெல்லூர்க்காரனும். அதை விடு. அண்ணன் கடைசியா எதாவது சொன்னாரா தோஸ்துன்னு கேட்டேன். அவர் டியூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கி, முட்டை முட்டையா வர்ற காத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார், உசேன் கையில் கயித்தைத் திணிச்சதும், உங்கப்பா டக்கைப் பார்த்து இழுன்னு கையைக் காட்டினாராம், அவ்வளவுதானாம். மூணாவது ஆளுக்காகத் திரும்பிப் போனப்போ கயிறு மட்டும் வந்துதாம். காத்தில் இவருக்குக் கேட்டிருக்காது, காதும் இப்போ சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டே பஸ் ஏறினேன். பதினாலு மாசத்துக்கும் ஒரு காரணம் வழியிலேயே தயார் பண்ணிட்டேன், கார்ப்பரேஷன் ஆபீஸில் கூட்டம், கிளார்க் லீவு, வெள்ளத்தில் ரெஜிஸ்டர் நனைஞ்சுதுன்னு.

வீட்டுக்கு வந்தா உங்கம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. புதுசா எழுதுறவங்க வீட்டில் காத்திருந்தவங்களைக் கேட்டு எழுதுறாங்க, நீ அம்மாவையும் கேளுன்னு சொல்லியிருந்தியே, அதனால் கேட்டேன், அண்ணி, உங்க கதையை நீங்க சொல்லுங்கன்னு. முத்தின தண்டையெல்லாம் ஒடிச்சு ஓரமா போட்டாங்க. அப்புறம், காலையில் போகும்போது குழந்தைக்கு வயிறு இழுக்குது, வரும்போது கிரைப் வாட்டர் வாங்கியாறேன்னு உங்கண்ணன் சொல்லிட்டுப் போனார், சாயந்திரம் உசேன் ஈரத் துணியோட வந்து வாசலில் நின்னார், கையில் ஒண்ணுமில்லை, அவ்வளவுதான் என் கதைன்னாங்க. அலையும் இல்லை, ஏழு பேரும் இல்லை கண்ணு, ஒரு பாட்டில் கிரைப் வாட்டர். நான் இருபத்தேழு வருஷமா சொன்ன கதை அந்தக் கீரைக்கட்டு பக்கத்தில் வச்சா ரொம்பச் சத்தமா இருந்தது. உங்கப்பா கடைசி வார்த்தையை எப்படி எழுதுறதுன்னு கேட்டேன். உங்கம்மா நிமிராமலே சொன்னாங்க.

"பல்லுல கயிறு இருக்கறப்ப அவரு எப்டி தம்பி பேசுவாரு? வாயத் தொறந்தா கயிறு பூடுமே. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அப்போ ஏன் அண்ணி இத்தனை வருஷமா என்னை ஒரு வார்த்தை கேட்கலைன்னேன்.

"பேரு நல்லா இருந்திச்சி"ன்னாங்க, கீரையை அலசப் போயிட்டாங்க.

அந்தக் கிரேக்க ராஜா மாறுவேஷத்தில் வந்தப்போ, அவன் பொண்டாட்டி அசைக்கவே முடியாத கட்டிலை நகர்த்தச் சொல்லி அவனைச் சோதிச்சாள்னு நீ சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் எல்லாக் கதையிலும் இருக்கும்போல, என்னை மாதிரி பாடுறவனுக்கு அது தட்டுப்படுறதில்லை.

நல்லா இரு கண்ணு. பெரிய சபைன்னு பயப்படாதே, அங்கே உட்கார்ந்திருக்கிறவங்களும் சாயந்திரம் ஆனா பசிக்கிறவங்கதான். நிறுத்தி நிறுத்திப் படி, தண்ணி குடி, குளிரில் காலை மூடு, முக்கியமா குதிகாலை. சித்தி நெத்திலிக் கருவாடு வறுத்து டப்பாவில் போட்டு வச்சிருக்காள், அங்கே விடுவாங்களா மாட்டாங்களான்னு கேட்டு எழுது. உங்கம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை மறக்காம போன் பண்ணு, கேட்க மாட்டாங்க, ஆனா போனைச் சார்ஜ் போட்டு மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நம்ம வீட்டு வாசலில் இருந்து உன் நடை வரைக்கும் எல்லா நல்லதும் உன் கூட வரட்டும்.

இப்போ கை வலிக்குது. அதனால் இதையும் எழுதிடுறேன். அண்ணன் போன பிறகு உங்கம்மா உன்னைத் தூக்குவாங்க, பால் கொடுப்பாங்க, ஆனா கூப்பிட மாட்டாங்க. பாப்பான்னு கூட ஒரு தடவை சொன்னதில்லை. கார்ப்பரேஷன் காகிதத்தில் பெண் குழந்தைன்னு மட்டும் இருந்தது, நீ நடக்க ஆரம்பிச்சும் அப்படியேதான் இருந்தது. ஒரு பௌர்ணமிக்கு விகாரையில், அரச மரக் கன்னை எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறிக் கடல் தாண்டின அசோகர் மகள் சங்கமித்ரா கதையைச் சொன்னாங்க. நம்ம வீட்டில் கடலுக்குப் போய்க் கரை சேர்ந்த பேர் ஒண்ணாவது இருக்கட்டும்னு தோணிச்சு. நான் வச்சேன்னா உங்கம்மா கூப்பிட மாட்டாங்க. அதான் அண்ணன் கத்தினார்னு சொன்னேன். உசேன் இப்போதான் ஞாபகம் வந்து சொன்னார்னு அவர் தலையிலும் ஒரு பொய்யை வச்சேன். அன்னைக்குச் சாயந்திரம் உங்கம்மா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, நீ திரும்பிப் பார்த்தே. மறுநாள் போய்ப் பதிஞ்சேன். தேதி சரிதான். மத்ததில் எது கூடுதலோ எது குறைவோ நீ பார்த்துக்கோ, இது ஒண்ணு மட்டும் அண்ணன் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உனக்குப் பேர் வச்ச சித்தப்பா
பீம்ராவ்