பயனாளியின் புகைப்படம்

ஓசூர்
4.2.2008

அன்புள்ள பொற்கொடி,

உன் சின்னவனுக்கு அம்மை இறங்கிவிட்டதா? கல்லூரி விடுதியில் என் தட்டில் சாப்பிட்டவள், இப்போது ஆபீஸ் உறைக்குள் சுற்றறிக்கை மட்டும் வைத்து அனுப்புகிறாய். கூட இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

சுற்றறிக்கையைப் படித்தேன். நான் நடத்தும் மையத்துக்கு அடுத்த ஆண்டும் அரசுப் பணம் வர வேண்டுமென்றால் பயனாளிகள் பட்டியல் அனுப்ப வேண்டுமாம். பெயர், முகவரி, பாதிப்பின் விவரம், புகைப்படம். தையல் மெஷின் வாங்கியவர்களிடம் கேட்பதை என் பிள்ளைகளிடமும் கேட்கிறீர்கள். பள்ளியை விட்டு நின்று, கம்பெனி லாரிகளில் செம்புக் கம்பி திருடப் பழகிய பையன்களும், இணையத்தில் எவனிடமோ மாட்டி அழுதுகொண்டு வந்த பெண்களும்தான் என் பயனாளிகள். அவர்கள் முகம் உங்களுக்கு எதற்கு?

ஸ்வாதியைப் பற்றிச் சொன்னேனே, பத்தாம் வகுப்பு. பிரவுசிங் சென்டரில் ஒருவன் அவளைப் படம் எடுத்து, ஆர்குட்டில் அவள் பெயரில் பக்கம் திறந்து, அப்பா முனிராஜின் செல் நம்பரையும் போட்டுவிட்டான். அதை எடுக்க வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. விஷயம் அவள் வீட்டையும் நம் இருவரையும் தாண்டவில்லை. தாண்டவும் கூடாது. படம் இல்லாமல் பட்டியலை வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஜோதி


கிருஷ்ணகிரி
9.2.2008

அடி கோபக்காரி,

சின்னவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. இப்போது வீட்டையே பிரித்துப் போடுகிறான்.

படம் இல்லாத பட்டியலை எங்கள் சூப்பிரண்டு மூர்த்தி சார் கையால் தொட மாட்டார். "ஆளே இல்லாம பில்லு போட்டீங்களான்னு ஆடிட்டுல கேப்பாங்கம்மா" என்கிறார். அப்படிப் போட்டவர்களும் இருக்கிறார்கள், அதனால் நான் வாயைத் திறக்க முடியவில்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கோப்பு நகராவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் பணம் வராது. மையம் மூடினால் உன் பையன்கள் மறுபடி லாரி ஏறுவார்கள். அதையும் யோசி.

படம் கோப்பை விட்டு வெளியே வராது. என் பிள்ளைகள் மேல் சத்தியம். அடுத்த மாதம் ஒரு நாள் சாப்பிட வருகிறேன், கோபம் ஆறியிருந்தால் களி கிண்டி வை.

உன்,
பொற்கொடி


ஓசூர்
6.3.2008

பொற்கொடி,

நேற்று முன்தினம் ராயக்கோட்டை சாலை மண்டபத்தில் உங்கள் திட்ட விழா நடந்தது. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். மேலே கைகூப்பிய விருந்தினர்கள். கீழே வரிசையாக என் பிள்ளைகள். "இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளான பயனாளிகள்" என்று தலைப்பு. மூன்றாவது முகம் ஸ்வாதி. பெயரும் முகவரியும் அடியிலேயே.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எல்லா ஸ்கீமுக்கும் இப்படித்தாங்க போடுவோம். போன வாரம் ஆடு குடுத்தாங்களே, அதுக்கும் இதே டிசைன்தான்" என்றார். திரும்பி வந்து நானே ஏறி அறுத்தேன். அதற்குள் தெருப் பையன்கள் செல்லில் படம் பிடித்துவிட்டார்கள். சாயங்காலமே அது ஆர்குட்டில் ஏறிவிட்டது. ஒரு மாதம் போராடி அழித்ததை, ஒரே நாளில் அரசாங்கச் செலவில் திரும்ப ஏற்றிவிட்டீர்கள்.

ஸ்வாதியைச் சொந்த ஊரான அஞ்செட்டிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இருபத்தேழாம் தேதி பரிட்சை. அனுப்ப மாட்டேன் என்கிறார் முனிராஜ். அந்தக் காட்டில் அவளை உட்கார வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும், மாப்பிள்ளை தேடுவார்கள்.

உன் சத்தியத்தை நம்பி நான் அனுப்பிய படம், கோப்பிலிருந்து எப்படி வெளியே வந்தது?

ஜோதிமணி


கிருஷ்ணகிரி
11.3.2008

ஜோதி,

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. விழாவுக்குப் பட்டியல் கேட்டார்கள். மூர்த்தி சார் கோப்பை அப்படியே கொடுத்தனுப்பினார். நான் அன்று விடுப்பு. இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. பயனாளி என்றால் படம் போடுவது எங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது.

இப்போது மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கடிதம் இருந்தால் பிரச்சினை முடிந்துவிடும். இந்த உறையிலேயே படிவங்கள் வைத்திருக்கிறேன். பிப்ரவரி தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பு. நீ கேட்டுத்தானே படம் வாங்கியிருப்பாய்? இல்லையென்றால் உன் மையத்துக்குப் பணம் நிற்கும். தற்காலிக வேலையில் இருப்பவள் நான், முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள். என் நிலைமையைப் பார்.

பொற்கொடி


ஓசூர்
16.3.2008

பொற்கொடி,

நான் யாரையும் கேட்கவில்லை. ஸ்வாதி பஸ் பாஸுக்குக் கொடுத்ததில் ஒரு படம் மீந்திருந்தது, அதை எடுத்து ஒட்டினேன். உன் சத்தியத்தை நம்பினேன் என்பது பாதிதான். மையம் மூடிவிடுமோ என்ற பயம் மீதி.

நேற்று அஞ்செட்டி போனேன். உன் படிவமும் பையில் இருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. முனிராஜ் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். "எம் பொண்ணு மூஞ்சிய ரோட்டுல கட்டினீங்க. ஊர்ல அவதான் தப்பு பண்ணாப்பல பேசறாங்க. இவ மேல தப்பில்ல, தப்பு யாருதுன்னு பேரு போட்டு, சீல் வெச்சிக் குடுங்க. நாலு பேருகிட்ட காட்டிட்டு பரிட்சைக்கு அனுப்பறன்" என்றார். படிவத்தை எடுக்க என் கை வரவில்லை.

ஸ்வாதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பரிட்சை ரூம் கதவுல படம் ஒட்டுவாங்களாக்கா?" நம்பர் மட்டும்தான் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

இன்று காலை மையத்தின் தாளில் எழுதி, சீல் வைத்து முனிராஜுக்கு அனுப்பிவிட்டேன். படத்தை அனுமதியின்றிக் கொடுத்தது ஜோதிமணி. வெளியே வராது என்று உறுதி சொல்லிக் கேட்டு வாங்கியது பொற்கொடி. விழாவுக்குக் கொடுத்தது மூர்த்தி. உன் பெயரை விட்டுவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்தேன். நகல் உங்கள் மேலதிகாரிக்கும் போகிறது. அவர் கூப்பிடுவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிவங்களை நிரப்பாமலேயே இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

முனிராஜ் சொன்னபடி அனுப்பினால், பரிட்சை முடியும்வரை ஸ்வாதி என் வீட்டில் இருப்பாள். அதுவரை நீ வர வேண்டாம். எழுத மனம் வந்தால் மையத்து முகவரிக்கு எழுதாதே. பணம் நின்றுவிடும், ஏப்ரலில் அங்கே கடிதம் வாங்க ஆள் இருக்காது.

ஜோதிமணி