மடியில் இறந்த கடற்புறா

என்னங்க,

உங்கள் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் நம் கரைக்கும் வந்துவிட்டது. நான் சிப்பி எடுக்கும் பாறையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. நீங்கள் வேலையில் இருந்த நேரத்தில்தான் கசிந்ததாம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்று மகள் எண்ணெயில் ஊறிய கடற்புறா ஒன்றைத் தூக்கி வந்தாள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு நான்கு முறை குளிப்பாட்டினோம். மதியம் அவள் மடியிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

"அம்மா, இது அப்பா கப்பல் எண்ணெயா?" என்று கேட்டாள்.

"இல்லடி, வேற கப்பல்" என்றேன்.

நம்பிவிட்டாள். "எங்கப்பா வந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுவாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விசாரணை முடிந்து வந்ததும் உண்மையை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகளின் அம்மா