சாமை ஓட்டும் நாள்

நவம்பர் 3, ஞாயிறு

இன்றும் சண்டை. மகள் காவியாவை டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பூவரசன் ஏர் ஓட்டினார். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எனக்கு டாட்டா காட்டுகிறாள். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் நேரே பின்சக்கரத்துக்குள்தான்.

சொன்னால் சிரிக்கிறார். "மேல இருந்தா என் கண்ணு முன்னாடி இருக்கும். கீழ வுட்டா எங்க போவுதுன்னு நான் இன்னாத்த பாக்கறது?"

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார் மனுஷன்.

நவம்பர் 6

பிள்ளையை இனி வண்டியில் ஏற்றினால் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். பூவரசன் அவளை இறக்கிவிட்டார். காவியா அழுதாள். அழட்டும். ஜெயித்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு



பக்கத்து வீட்டுச் செல்லியின் களம். அறுத்த சாமையைத் தாளோடு கனமாகப் பரப்பி, மணி உதிர இவர் அதன்மேல் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கூழ் கொண்டுபோன நேரம், தண்ணீர் குடிக்க இறங்கியவர் மறுபடி ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். செல்லி மகன் அஜய் பலாமரத்தில் முகத்தைப் புதைத்து எண்ணிக்கொண்டிருந்தான். கண்ணாமூச்சி. அப்படியென்றால் ஒளிந்திருப்பது யார்? மரத்துக்குப் பின்னால் இல்லை. பாறை மறைவில் இல்லை. வண்டிக்கு முன்னால் சாமை லேசாக அசைந்தது.

கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டியை மறித்து நின்றேன். பிரேக் அடித்தார். என் முட்டியில் சூடு பட்டது.

சாமையை வாரி விலக்கினேன். உள்ளே காவியா படுத்திருந்தாள், வாயைப் பொத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏம்மா காட்டிக் குடுத்த? நான் அவுட் ஆயிட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினேன் — முடியல. கட்டிப் புடிச்சிக்கினு அங்கியே உக்காந்துட்டேன். நான்தானே எறக்கி வுடச் சொன்னேன்? எறக்கி வுட்டா புள்ள எங்க இருக்கும்னு யோசிச்சேனா?

நவம்பர் 11

இவர் சாப்பிடவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை.

நவம்பர் 13

ஒருவழியாகப் பேசினோம். பிள்ளை வண்டிமேலும் வேண்டாம், களத்திலும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் மேட்டுப் பாறையில் என்னோடு உட்கார வேண்டும். அதுவரை சாவி என்னிடம். செல்லியிடம் சொன்னால், சாமை ஓட்டப் போகிறீர்களா, பள்ளிக்கூடம் நடத்தப் போகிறீர்களா என்று கிண்டல் செய்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

செல்லியின் மீதிச் சாமை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. இது நனைந்தால் வருஷ உழைப்பே போய்விடும் என்று அவள் பதறினாள். பிள்ளைகள் எல்லோரும் பாறை மேல். காவியா என் மடியில். இவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், தலையாட்டினார்.

ஆனாலும் வண்டியில் ஏறவில்லை. களத்தில் குனிந்து, பரப்பிய சாமை முழுவதையும் ஓரத்திலிருந்து கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். செல்லி வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவர் தடவி முடிக்கும்வரை நான் சாவியைக் கொடுக்கவில்லை.